பக்கத்து அறைக்குப் போக படத்துக்கு எதற்குப் பாஸ்போர்ட்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் காபியோடு படிக்கலாம்.

ஓய்வூதியர்கள் நான்கு பேர் கூடினால் முன்பெல்லாம் அகவிலைப்படி, மருத்துவக் காப்பீடு என்று பேச்சு போகும். இப்போது அதற்கு அடுத்தபடியாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. "சார், போன்ல எடுத்த போட்டோ கம்ப்யூட்டருக்கு வரவே மாட்டேங்குது. போன வாரம் வந்துச்சு, இந்த வாரம் வரல." இதைச் சொல்கிறவர் கூடவே இன்னொரு வாக்கியமும் சேர்த்துக்கொள்வார்: "நமக்கு வயசாயிடுச்சு, இதெல்லாம் பிடிபடாது." முதல் வாக்கியத்துக்குப் பதில் இருக்கிறது. இரண்டாவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

என் கருத்து இதுதான். ஒரே வீட்டில் இருக்கும் போனும் கம்ப்யூட்டரும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ள மறுப்பதற்குக் காரணங்கள் ஏழெட்டுதான். அவற்றைத் தேடிப் பார்க்கத் தெரிவது, ஒரு காலத்தில் ஃப்யூஸ் கட்டை பிடுங்கிக் கம்பி மாற்றத் தெரிந்திருந்த மாதிரி, வீட்டுக்கு வேண்டிய அறிவு. அதை "யாராவது வந்து பார்க்கட்டும்" என்று விட்டுவிட்டால் நஷ்டம் நாம் நினைப்பதை விடப் பெரிது.

முதலில் நடப்பது என்னவென்று பார்ப்போம். கூடத்தில் உட்கார்ந்து பேரனைப் படம் எடுக்கிறோம். கம்ப்யூட்டர் பக்கத்து அறையில், பதினைந்து அடி தூரத்தில். பெரும்பாலான வீடுகளில் அந்தப் படம் அந்தப் பதினைந்து அடியை நேராகக் கடப்பதில்லை. வீட்டை விட்டு வெளியேறி, ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே பதிவாகி, திரும்ப நம் வீட்டுக்கே வருகிறது. அதற்குக் கணக்கு வேண்டும், கடவுச்சொல் வேண்டும், ஓ.டி.பி. வேண்டும், இடம் மீதி இருக்க வேண்டும். கூகுளில் இலவச இடம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலுக்கும் சேர்த்து. ஆப்பிளில் 5 ஜிபி. கூகுள் போட்டோஸ் கொஞ்சம் சுருக்கிய படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டிருந்தது. 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு இடம் நிரம்பினால் மாதாமாதம் வாடகை. நிரம்பிய அன்று படம் போவது நின்றுவிடும். எச்சரிக்கை மெயில் வரும்தான். அதை விளம்பர மெயில்களுக்கு நடுவில் யார் பார்த்தார்கள்?

இந்தச் சுற்றுவழியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கும் பயன் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் பக்கத்து அறைக்குப் போக அது ஒன்றுதான் வழி என்று நாமே நம்பிவிட்டோம் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இனி முக்கியமான விஷயம். என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியர் ஒருவர். மனைவி தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. மார்கழிக் காலையில் அந்த அம்மா வாசலில் கோலம் போடுவதையும், வாய்க்குள் பாடிக்கொண்டே புள்ளி வைப்பதையும் சின்னச் சின்ன வீடியோக்களாக எடுத்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் சரி செய்ய வந்த பையன் ஒரு செயலியைப் போட்டு, "சார், இனிமே போன்ல இருக்கறது எல்லாம் தானா கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னது பொய்யில்லை. சில மாதம் கழித்துப் போனில் இடம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. மனிதர் நிதானமானவர். கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருந்தது. அதன் பிறகே போனில் அழித்தார். அன்று ராத்திரிக்குள் கம்ப்யூட்டரிலும் அழிந்துவிட்டது. அவருக்கு அது தெரிந்தது திதி சமயத்தில், மகள் கேட்டபோது. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நான்கைந்து மட்டும் மிஞ்சின, அதுவும் சுருங்கிப் போய்.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. செயலியும் சொன்னபடிதான் நடந்துகொண்டது. இடையில் ஒரு சொல் ஏமாற்றியது. 'சிங்க்' என்கிறார்கள், தமிழில் 'ஒத்திசைவு' என்று போட்டிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கச்சேரி மாதிரி. ஆனால் அதன் பொருள் இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்பது. இங்கே சேர்த்தால் அங்கே சேரும், இங்கே அழித்தால் அங்கே அழியும். கண்ணாடி முன் நின்று பொட்டை அழித்தால் கண்ணாடிக்குள் இருப்பவளும் அழித்துக்கொள்வாள் அல்லவா, அது ஒத்திசைவு. காப்பு என்பது வேறு. கார்பன் தாள் வைத்து எழுதியது அது. மேல் தாளைக் கிழித்துப் போட்டாலும் கீழ்த்தாள் இருக்கும். இந்த இரண்டையும் ஒரே பொத்தானுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, 'அழிக்கவா?' என்று மட்டும் கேட்பது நியாயமா? 'இதை அழித்தால் உங்கள் கம்ப்யூட்டரிலும் போய்விடும்' என்று ஒரு வரி தமிழில் காட்ட எத்தனை செலவாகும்?

உங்கள் வீட்டில் எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள சோதனை ஒன்று உண்டு. சுவரைப் படம் எடுங்கள். கம்ப்யூட்டருக்கு வந்ததும் போனில் அழியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டும் இணைப்பில் இருக்கும்போதே, கம்ப்யூட்டரில் பாருங்கள். சுவர் இருந்தால் காப்பு. சுவர் போயிருந்தால் கண்ணாடி. மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். கூகுள் போட்டோஸ் வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மேலே ஏற்றப்பட்ட படத்தைச் சாதாரணமாக அழித்தால் அது எல்லா இடத்திலும் அழியும், குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். 'இடத்தைக் காலியாக்கு' என்ற வசதி போனில் இருப்பதை மட்டும் எடுக்கும். ஐபோன் படங்களுக்கு அந்தத் தவணை 30 நாள்.

சரி, படம் வரவே இல்லை என்ற பழைய புகாருக்கு வருவோம்.

செய்முறை வகுப்பில் மின்சுற்றில் பல்பு எரியவில்லை என்றால் பிள்ளைகள் எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து மாட்டுவார்கள். சில சமயம் எரியும். ஏன் எரிந்தது என்று கேட்டால் தெரியாது. அடுத்த தடவை திரும்ப எல்லாவற்றையும் பிடுங்குவார்கள். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பது இந்த வகை வைத்தியம். நான் அதை எதிர்க்கவில்லை, பாதி நேரம் வேலை செய்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் காரணம் கையில் கிடைக்கும்.

முதல் கேள்வி, இரண்டும் ஒரே வலையில் இருக்கின்றனவா? "ஒரே வைஃபைதான் சார்" என்பார்கள். பல வீடுகளில் அப்படி இல்லை. ஃபைபர் இணைப்புக்காரர் கீழே ஒரு மோடம் வைத்திருப்பார். மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று நாமே இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டியிருப்போம். அந்த இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி வலையை உண்டாக்கிக்கொள்ளும். இரண்டிலும் இணையம் வரும், யூடியூப் ஓடும், ஆனால் மேலே இருக்கும் போனும் கீழே இருக்கும் கம்ப்யூட்டரும் வேறு வேறு தெருவில் குடியிருக்கின்றன. கண்டுபிடிப்பது எளிது. போனில் வைஃபை செட்டிங்ஸில் நம் இணைப்பின் பெயரைத் தொட்டால் ஐ.பி. முகவரி என்று நான்கு எண்கள் தெரியும், 192.168.1.7 என்பது போல. கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் அதே போலத் தெரியும். வீட்டு வலைகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் கதவிலக்கம். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் இருந்தால் அவை ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை. இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று மாற்றிவிட்டால் தெரு ஒன்றாகிவிடும். சில மாடல்களில் கேபிளை எந்தத் துளையில் செருகுவது என்பதும் மாறும். போட்டுக் கொடுத்தவரையே கேட்டு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் என்ன மாற்றச் சொல்கிறோம் என்று தெரிந்து கேட்கலாம்.

விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் தனி வைஃபை வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் போனைச் சேர்த்தாலும் இதே கதைதான். விருந்தாளி வீட்டுச் சாமான்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே உண்டானது அது.

அடுத்து நம் ஊருக்கே உரிய காரணம், மின்வெட்டு. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்துகிறார்கள் அல்லவா? மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் எழுந்து எல்லோருக்கும் கதவிலக்கம் புதிதாகக் கொடுக்கும். நேற்று 5 ஆக இருந்த கம்ப்யூட்டர் இன்று 8. போனில் உள்ள செயலி முகவரியை மனப்பாடம் செய்து வைத்திருந்தால், இன்னும் 5-ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். 'போன வாரம் வந்தது, இந்த வாரம் வரவில்லை' என்பதற்கு நான் பார்த்த அளவில் அதிகமான காரணம் இதுதான். ரவுட்டரில் கம்ப்யூட்டருக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கும் வசதி உண்டு. ஒரு தடவை செய்தால் போதும்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது இன்னொன்று. புதிதாக ஒரு வைஃபையில் சேரும்போது அது அந்த வலையைப் 'பொது' என்று எடுத்துக்கொண்டு, மற்ற கருவிகள் கண்ணுக்குப் படாமல் ஒளிந்துகொள்ளும். ரயில் நிலையத்தில் அது சரி. சொந்த வீட்டில் தேவையில்லை. நெட்வொர்க் செட்டிங்ஸில் 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். வீட்டு வலைக்கு மட்டும். ரவுட்டரை மாற்றினாலோ, பெயரை மாற்றினாலோ மறுபடியும் பொது ஆகிவிடலாம் என்பதால் இதை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் பக்கம் உள்ள சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பிலேயே இது தொடங்கிவிட்டது. அதற்கு மேல் சில போன் கம்பெனிகள் சொந்தமாகவும் கெடுபிடி சேர்த்திருக்கின்றன. செயலியைத் திறந்தால் படம் போகிறது, மூடினால் நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி செட்டிங்ஸில் 'கட்டுப்பாடில்லை' என்று கொடுத்துவிடுங்கள். ஐபோனில் இந்த அளவு சுதந்திரம் கிடையாது. செயலியைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பதுதான் வழி. 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் 'உள்ளூர் வலையில் உள்ள கருவிகளைத் தேடலாமா' என்று அனுமதி வேறு கேட்கும். யோசிக்காமல் 'வேண்டாம்' என்று தொட்டிருந்தால் அவ்வளவுதான், மறுபடி கேட்காது. செட்டிங்ஸில் போய்த்தான் திருத்த வேண்டும்.

வாட்ஸ்அப் படங்கள் மட்டும் வரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு அந்தப் படங்கள் இருக்கும் ஃபோல்டரே இடம் மாறிவிட்டது. இப்போது 'ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டருக்குள் 'மீடியா' என்பதன் கீழே இருக்கிறது. பழைய இடத்தையே காட்டி வைத்திருந்தால் பழைய படங்கள் மட்டும்தான் வரும்.

பத்து வருடத்துக்கு மேலான கம்ப்யூட்டர் என்றால் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று பெயர். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கம்ப்யூட்டர் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது, அதனால் எந்த இணைப்பும் ஏறாது. இந்தச் சின்ன பேட்டரிக்காகக் கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டுப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது சொல்லப் போவதை எந்த உதவிப் பக்கத்திலும் தமிழர்களுக்காக எழுதி நான் பார்த்ததில்லை. நம்மில் பலர் ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்ட்ராய்டு போனின் உள் நினைவகத்தில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். குறி என்றேனே, எழுத்து என்று சொல்லவில்லை. 'கி' என்பதில் ககரம் ஒன்று, விசிறி ஒன்று, ஆக ஆறு பைட். 'க்' என்றாலும் புள்ளிக்குத் தனிக் கணக்கு, அதுவும் ஆறு. மொத்தத்தில் 85 குறிகளுக்கு மேல் போனால் இடமில்லை. 'நமது பள்ளி பொன்விழா ஆண்டு நிறைவு நிகழ்ச்சியில் முன்னாள் மாணவர்கள் ஆசிரியர்களைக் கௌரவித்த போது எடுத்த படம்' என்று ஒருவர் பெயர் வைத்திருந்தார். தமிழாசிரியர், வேறு எப்படி வைப்பார்? விண்டோஸில் அந்தப் பெயர் சௌகரியமாக நிற்கும், அங்கே கணக்கு வேறு. போனுக்கு வரவே வராது. நூறு படம் வந்து இந்த ஒன்று மட்டும் வராமல் நிற்கும், காரணமும் புரியாது. பெயரைச் சுருக்கினால் உடனே வரும்.

இதை விட விசித்திரம் கொகர வரிசையில் இருக்கிறது. 'கொலு' என்று எழுதுகிறோம். அந்தக் 'கொ' கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமாகப் பதிவாகலாம். ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியாகவும் வரலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஆனால் விண்டோஸ் அவற்றை இரண்டு வேறு பெயர்கள் என்றே எடுத்துக்கொள்ளும். பழைய மேக் கம்ப்யூட்டர்களோ எப்போதும் பிரித்தே சேமிக்கும். விளைவு, 'கொலு' என்று ஒரே ஃபோல்டர் இரண்டு இருக்கும், ஒன்றில் பாதிப் படம், மற்றதில் மீதி. 'கோயில்', 'போட்டோ', 'சௌம்யா கல்யாணம்' எல்லாவற்றுக்கும் இது நேரலாம். பேய் வேலை என்று நினைக்க வேண்டாம். ஒன்றில் உள்ளதை மற்றதில் போட்டுவிட்டு, காலியானதை நீக்குங்கள். இதை எல்லாச் செயலிகளும் தாமாகவே சரி செய்ய முடியும். சில செய்கின்றன. மற்றவை செய்யாததற்குக் காரணம், நம் எழுத்தை வைத்து அவர்கள் சோதித்துப் பார்ப்பதில்லை என்பதுதான்.

இவ்வளவையும் நான் எழுத வேண்டியிருப்பதே எனக்குக் கோபம். இவற்றில் ஒவ்வொன்றும் அந்தச் செயலிக்குத் தெரியும். பெயர் நீளம் என்று அதற்குத் தெரியும். கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை என்று தெரியும். தேதி தப்பு என்று தெரியும். நம்மிடம் அது சொல்வது, 'ஏதோ தவறாகிவிட்டது, பிறகு முயலவும்'. ஓர் ஆசிரியர் பரீட்சைத் தாள் முழுக்கப் பெருக்கல் குறி போட்டுவிட்டு எங்கே தப்பு என்று காட்டாமல் கொடுத்தால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? பிள்ளை தன்னை மக்கு என்றுதான் நினைத்துக்கொள்ளும். நம் வயதுக்காரர்கள் "நமக்குப் பிடிபடாது" என்று சொல்வதும் அதே மாதிரிதான்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996-இல் பாம் பைலட் என்று ஒரு கையடக்கக் கருவி வந்தது. ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் அதை வடிவமைக்கும்போது மரக்கட்டை ஒன்றை அதே அளவில் அறுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பது பிரபலமான கதை. அதை ஒரு தாங்கியில் வைத்து ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டரோடு பேசிவிடும். கம்பி இருந்தது, ஆனால் வெளியாள் யாரும் நடுவில் இல்லை. பிறகு 2011 அக்டோபரில் ஐ.ஓ.எஸ். 5 வந்தபோது, ஐபோனை வீட்டு வைஃபை வழியாகவே கம்ப்யூட்டரோடு ஒத்திசைக்கும் வசதியைக் கொடுத்தார்கள். அதே நாளில் ஐகிளவுடும் வந்தது. இரண்டு பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்தார்கள். எந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்த்தார்கள் என்று இன்றைக்குப் பார்த்தால் தெரிகிறது. மாத வாடகை கொண்டு வரும் பிள்ளைக்குத்தான்.

வீட்டு வலைக்குள்ளேயே நேராக அனுப்ப இலவசச் செயலிகள் உண்டு. எப்போதாவது பத்துப் படம் அனுப்புபவர்களுக்கு லோக்கல்சென்ட் போதும். போனிலும் கம்ப்யூட்டரிலும் போட்டுத் திறந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும், கணக்கு எதுவும் வேண்டாம். தானாகவே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்றால் சிங்க்திங், 2013 முதல் இருக்கிறது. அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, வேறு ஆர்வலர்கள் கிளைப் பதிப்பு ஒன்றை நடத்துகிறார்கள். சம்பளமில்லாமல் நடப்பதால் இந்த நிலை. இதுவும் கண்ணாடி வகைதான் என்பதை மறக்க வேண்டாம். போனை 'அனுப்ப மட்டும்' என்று வைத்தாலும் அழிப்பும் சேர்ந்துதான் போகும். கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டருக்கு 'ஃபைல் வெர்ஷனிங்' என்பதைப் போட்டுவிட்டால் அழிந்தவை தனி இடத்தில் தங்கும். தலைமையாசிரியரின் கம்ப்யூட்டரில் இந்த மாதிரி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அந்த மார்கழி இன்னும் இருந்திருக்கும்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு யு.எஸ்.பி. கேபிள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைச் செருகிவிட்டு, திரையை மேலிருந்து கீழே இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் கம்ப்யூட்டருக்குப் போன் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள்கள் நிறைய உலவுகின்றன.

"பையனிடம் சொன்னால் அமெரிக்காவிலிருந்தே திரையைப் பார்த்துச் சரி செய்துவிடுவான், எனக்கெதற்கு இது?" என்று கேட்பீர்கள். செய்வான். ஆனால் அவன் தூங்கும் நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடுவீர்கள். அங்கேதான் ஆபத்து. தேடலில் வரும் எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. மறுமுனையில் மரியாதையாகப் பேசி, உங்கள் திரையைப் பார்க்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள். அதே போனில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் இருக்கிறது. படம் நகராத பிரச்சினையில் தொடங்கிப் பணம் நகர்ந்த கதைகள் உண்டு. அப்படி ஏதாவது நடந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். முன்பின் தெரியாதவர் சொல்லித் திரை பகிரும் செயலியைப் போடவே போடாதீர்கள், எவ்வளவு 'சார்' போட்டாலும்.

சர்வர்களுக்கும் பயன் உண்டு என்றேன். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வந்தபோது கீழ்த்தளத்து வீடுகளில் கம்ப்யூட்டர், ஹார்டு டிஸ்க், ஆல்பம் எல்லாம் சேர்ந்தே போயின. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் பார்த்தோம். வீட்டுக்குள் எத்தனை பிரதி வைத்தாலும் வீட்டுக்கு வரும் ஆபத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வரும். அதனால் ஒரு பிரதி வெளியே இருக்கட்டும். அது ஒரு நிறுவனத்தின் சர்வராகவும் இருக்கலாம், மகள் வீட்டுப் பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்காகவும் இருக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதுப்பித்துவிட்டு வருகிறேன். உங்களுக்கு மாத வாடகை கட்டுப்படியானால் முதலாவதைச் செய்யுங்கள். தினசரிப் போக்குவரத்து மட்டும் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

யாருக்காவது இன்னும் சிக்கல் இருந்தால் இங்கேயே எழுதுங்கள். 'வரல சார்' என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. போன் மாடல், விண்டோஸ் எத்தனாவது பதிப்பு, இரண்டின் ஐ.பி. முகவரி, வீட்டில் எத்தனை ரவுட்டர், கடைசியாக எப்போது வேலை செய்தது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரியை எழுதுவதில் ஆபத்தில்லை, அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வரிசையாகப் பதில் சொல்கிறேன். கடவுச்சொல்லை மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். போன தடவை இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.